யுங்கர்ஸ் என்ற பெயருக்குள் இருப்பவர்கள்

போன செவ்வாய்க்கிழமை லேபில் கேலரிமீட்டர் பரிசோதனை. மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு அந்த உயரமான உருளை ஞாபகம் இருக்கும். உள்ளே பர்னர் எரியும், சுற்றித் தண்ணீர் ஓடும். தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், வெளியே வருகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர். எரிவாயு எவ்வளவு வெப்பம் தருகிறது என்று கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். கருவியின் பெயர் ஜங்கர்ஸ் கேஸ் கேலரிமீட்டர்.

ரீடிங் எடுத்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று கேட்டான்: "சார், ஸ்டூகா விமானம் செஞ்ச ஜங்கர்ஸும் இந்த ஜங்கர்ஸும் ஒண்ணா சார்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன், "அது நாஜி கம்பெனிடா" என்றான். மணி அடித்துவிட்டது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரமாக அதே நினைப்பு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுங்கர்ஸ் (ஜெர்மானியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்) என்ற பெயரை ஸ்டூகாவோடு (இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி பயன்படுத்திய குண்டுவீச்சு விமானம்) முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். அந்தக் கம்பெனியின் இன்ஜின்களை ஆகா ஓகோ என்று கொண்டாடிவிட்டு, அவற்றைச் செய்ய அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களைப் பேசாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம். நம்மில் பலர் இரண்டையும் செய்கிறோம். நானும் பல வருஷம் பாடம் நடத்தும்போது செய்திருக்கிறேன்.

ஹூகோ யுங்கர்ஸ் 1859இல் ரைட் என்ற ஊரில் பிறந்தவர். விமானத்துக்கு வருவதற்கு முன் அவர் வெப்பத்தோடு மல்லுக்கட்டிய மனிதர். ஜெர்மனியின் டெசாவ் நகரத்தில் எரிவாயுத் தொழிலில் இருந்த ஓகெல்ஹாய்சர் என்பவரோடு சேர்ந்து 1890களின் தொடக்கத்தில் எரிவாயு இன்ஜின் செய்தார். எரிவாயுவின் தரத்தை அளக்கச் சரியான கருவி இல்லை என்பதால் 1892இல் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் நம் லேபில் இருப்பது. அந்தக் கருவியில் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று பார்த்தவர், இதையே வீட்டுக் குளியலறைக்கு வெந்நீர்க் கருவியாகச் செய்தால் என்ன என்று யோசித்து, 1895இல் அதற்கென்று கம்பெனி தொடங்கினார். ஆகென் நகரில் பேராசிரியராகவும் இருந்தார். வெந்நீர்க் கருவி விற்ற காசைத்தான் இன்ஜின் ஆராய்ச்சியிலும் விமானத்திலும் கொட்டினார். முழுக்க உலோகத்தால் ஆன அவருடைய முதல் விமானம் 1915 டிசம்பரில் பறந்தபோது அவருக்கு வயது 56.

அவருடைய இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சாதாரண இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், மேலே அதை மூடும் ஹெட், ஹெட்டில் வால்வு. ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கிற வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஹெட் எத்தனை தலைவலி என்று தெரியும். யுங்கர்ஸ் இன்ஜினில் ஹெட்டே கிடையாது. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், ஒன்று மேலிருந்தும் ஒன்று கீழிருந்தும் எதிரெதிராக வரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று நசுங்கி, நெருப்பாய்க் கொதிக்கும். அந்த நொடியில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு பிஸ்டனும் விலகி ஓடும்போது ஒன்று புகை வெளியேறும் துளைகளைத் திறக்கும், மற்றொன்று புதுக் காற்று நுழையும் துளைகளைத் திறக்கும். புகைப் பக்கத்துப் பிஸ்டன் கொஞ்சம் முந்தி ஓடும்படி வைத்திருப்பார்கள். பழைய புகை கிளம்பின பிறகு புதுக் காற்று உள்ளே வந்து மிச்சத்தைத் துடைத்துத் தள்ளும். மேலே ஒரு கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), கீழே ஒரு கிராங்க், இரண்டையும் பற்சக்கரங்கள் இணைக்கும். வால்வு, ஸ்பார்க் பிளக் எதுவும் வேண்டாம். ஹெட் வழியாக வீணாகப் போகும் வெப்பமும் மிச்சம். முதன்முதலில் இதன் வெட்டுத்தோற்றப் படத்தைப் பார்த்த அன்று நான் ராத்திரி தூங்கவில்லை.

1923இல் டெசாவில் இன்ஜினுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர்தான் யூமோ. முதலில் செய்தவை பெட்ரோல் இன்ஜின்கள். 1928 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து கிளம்பி, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கப் பக்கம் அட்லாண்டிக்கை முதன்முதலாக இடைநில்லாமல் கடந்த 'பிரெமன்' விமானத்தில் இருந்தது யுங்கர்ஸ் எல்5 இன்ஜின் ஒன்றே ஒன்று. அப்புறம் வந்தவைதான் எதிரெதிர் பிஸ்டன் டீசல்கள், யூமோ 204, 205. யூமோ 205இல் ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், சுமார் 600 குதிரைத்திறன். டீசல் இன்ஜின் என்றாலே கனம் என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அதை இறக்கையில் மாட்டிக் கடல் தாண்ட வைத்தார்கள். 1938 மார்ச்சில் டோர்னியர் 18 என்ற பறக்கும் படகு இந்த இன்ஜின்களோடு இங்கிலாந்துக் கரையிலிருந்து பிரேசில் வரை 8,300 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்தது.

அந்தச் சாதனையைப் பார்க்க ஹூகோ யுங்கர்ஸ் உயிரோடு இல்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கோரிங்கின் விமான அமைச்சகம் செய்த முதல் வேலைகளில் ஒன்று யுங்கர்ஸை வளைத்தது. ஜூன் மாதத்தில் காப்புரிமைகளைப் பிடுங்கினார்கள். தேசத்துரோக வழக்கு என்று மிரட்டி, அக்டோபரில் கம்பெனியின் 51 சதவீதப் பங்குகளை எழுதி வாங்கினார்கள். தன் வாழ்நாளைக் கொடுத்து வளர்த்த டெசாவ் நகரத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பிறகு வீட்டுக்காவல். 74 வயது மனிதரிடம் இப்படி நடந்துகொண்டார்கள். 1935 பிப்ரவரி 3 அன்று இறந்துபோனார். அன்று அவருக்கு 76ஆவது பிறந்தநாள். மிச்சப் பங்குகளை மனைவி தெரேசா அரசிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டூகா முதன்முதலில் பறந்தது அதே 1935 செப்டம்பரில். போலந்திலும் பிரான்சிலும் மக்கள் தலைக்கு மேல் ஊளையிட்டபடி இறங்கிய அந்த விமானத்தில் அவருடைய பெயர் இருந்தது, அவர் இல்லை.

அவரைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்குக் கவச விமானம் செய்து கொடுத்தார். 1920களில், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் ராணுவத்துக்கு வெர்சாய் ஒப்பந்தம் போட்ட தடையை ஏய்க்க ஜெர்மன் ராணுவம் ரகசியமாகத் திட்டமிட்டபோது, மாஸ்கோ பக்கத்தில் ஃபிலி என்ற இடத்தில் போர் விமானத் தொழிற்சாலை நடத்தினார். இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் மனம் இருந்தது பயணிகள் விமானத்தில். 1919இல் பறந்த எஃப்13, முழு உலோகத்தில் பயணிகளுக்காகவே செய்த முதல் விமானம். போர் முடிந்த கையோடு, தோற்றுப்போன நாட்டில், நாலு பேரைச் சௌகரியமாக உட்கார வைத்துக் கூட்டிப்போக ஒரு விமானம் செய்தவரை "நாஜி கம்பெனிக்காரர்" என்று சொல்ல என் வாய் வரவில்லை.

அவருக்குப் பிறகான கம்பெனி வேறு கதை. 1936இல் விமானப் பிரிவையும் இன்ஜின் பிரிவையும் ஒன்றாக்கி ராட்சதத் தொழிற்சாலையாக மாற்றினார்கள். ஸ்டூகாவிலும் ஹெய்ங்கல் 111, யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்களிலும் இருந்த யூமோ 211 இன்ஜின் மட்டுமே 68,000 வாக்கில் உற்பத்தியானது.

அதோடு யூமோ 004. ஆன்செல்ம் ஃபிரான்ஸ் என்ற ஆஸ்திரியர் தலைமையில் உருவானது, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட முதல் ஜெட் இன்ஜின். 1942 ஜூலை 18இல் மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர் விமானம் இந்த இன்ஜின்களோடு பறந்தது. இதைப் பற்றி ஃபேஸ்புக்கில் வாரம் ஒரு பதிவாவது கண்ணில் படுகிறது. "அந்தக் காலத்திலேயே ஜெர்மன்காரன் மூளையைப் பாருங்க" என்று. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிக்கலும் குரோமியமும் கிடைக்காத நாட்டில், எரிகலனைச் சாதா இரும்புத் தகட்டில் செய்து மேலே அலுமினியம் பூசினார்கள். டர்பைன் பிளேடைத் தகட்டால் மடித்து உள்ளே கூடாக விட்டு, அதற்குள் காற்றை ஓட்டிக் குளிரவைத்தார்கள். முன்மூக்கில் ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதைக் கயிறு இழுத்துக்கூட ஸ்டார்ட் செய்யலாம், நம் ஊர் ஜெனரேட்டரைப் போல. அது சுற்றிவிட்டால் ஜெட் உயிர் பெறும். இன்ஜினின் ஆயுள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம்தான். அதற்குள் பிரித்தாக வேண்டும்.

ஆனால் இந்தத் தகட்டை மடித்த கை யாருடையது? கடைசி வருஷங்களில் யுங்கர்ஸ் தொழிற்சாலைகளில் போலந்து, சோவியத், பிரெஞ்சு மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆஷர்ஸ்லேபன், ஷோனபெக் போன்ற ஊர்களில் புக்கன்வால்ட் வதைமுகாமின் கிளைகளே யுங்கர்ஸுக்காக நடந்தன. 1944இல் குண்டுவீச்சுக்குப் பயந்து இன்ஜின் உற்பத்தியை நோர்தௌசன் பக்கத்து மலைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். வி-2 ராக்கெட் செய்த அதே மலை, ஒரு பக்கம் ராக்கெட், வடபக்கம் யுங்கர்ஸ். அந்த மலையைக் குடைந்த மிட்டல்பாவ்-டோரா முகாமுக்கு இழுத்து வரப்பட்டவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை. யூமோ 004 பற்றிப் பதிவு போடுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கிறேன். இன்ஜினின் சிறப்பு இதனால் ஒரு துளியும் குறையாது. கதை பொய்யாகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

1945 மார்ச் 7 இரவு டெசாவ் குண்டுவீச்சில் எரிந்தது. முதலில் அமெரிக்கர்கள் வந்தார்கள், ஜூலையில் நகரம் சோவியத் கைக்குப் போனது. ஆன்செல்ம் ஃபிரான்ஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வியட்நாம் போர்ப் படங்களில் பார்க்கிற ஹியூயி ஹெலிகாப்டரின் டி53 இன்ஜின் அவர் குழு செய்தது. டெசாவில் தங்கியவர்களுக்கு 1946 அக்டோபர் 22 விடியற்காலை வந்தது. கதவைத் தட்டினார்கள், சாமான்களைக் கட்டச் சொன்னார்கள், மனைவி மக்களோடு ரயிலில் ஏற்றினார்கள். ஒரே நாளில் ஜெர்மனியில் சோவியத் வசமிருந்த பகுதி முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிபுணர்களைக் குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போனார்கள். இன்ஜின்காரர்கள் இறங்கிய இடம் வோல்கா ஆற்றங்கரையில் குய்பிஷெவ், இன்றைய சமாரா.

அங்கே நிக்கலாய் குஸ்னெட்சோவ் தலைமையில், ஆஸ்திரியர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் முன்னின்று, டெசாவில் பாதியில் நின்ற யூமோ 022 டர்போப்ராப் (ஜெட் இன்ஜினைப் போன்ற டர்பைன் புரொப்பல்லரைச் சுற்றும் இன்ஜின்) வேலை தொடர்ந்தது. (பிராண்ட்னர் நாஜிக் கட்சிக்காரர், ஹிட்லரின் எஸ்எஸ் படையில் பதவி வைத்திருந்தவர். இதையும் மறைக்கக் கூடாது.) முதலில் 5,000 குதிரைத்திறன். அப்புறம் இரண்டு இன்ஜின்களை ஜோடி சேர்த்தார்கள். அப்படிப் பறந்த முதல் டுபலெவ் 95 என்ற சோவியத் குண்டுவீச்சு விமானம், 1953 மே மாதம் இன்ஜினில் தீப்பிடித்து விழுந்தது. அடுத்து ஒரே இன்ஜினாக 12,000. அதுதான் என்கே-12. பிறகு 15,000 வரை போனது. இன்றுவரை அதைவிட வலிமையான டர்போப்ராப் பறப்பதில்லை. ரஷ்யர்கள் குஸ்னெட்சோவ் பெயரை மட்டும் சொல்கிறார்கள், ஜெர்மன் ரசிகர்கள் டெசாவ் குழுவை மட்டும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்தது, அதில் ஒரு பாதி தன் விருப்பத்தில் வந்தவர்களும் இல்லை. பெரும்பாலானவர்கள் 1953, 54 வாக்கில்தான் ஊர் திரும்பினார்கள்.

இதையெல்லாம் அக்கறையாகத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் அரக்கோணம் பக்கம். 1992இல் ராஜாளி கடற்படை விமானத்தளம் வந்தபோது கோவாவிலிருந்து டுபலெவ் 142 விமானங்கள் வந்தன. டுபலெவ் 95இன் கடற்படை வடிவம் அது. ஒவ்வொன்றிலும் நான்கு என்கே-12, ஒவ்வொரு இன்ஜினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சில் வரும். எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திர அலமாரி மெல்ல முனகத் தொடங்கும். அம்மா சமையலறையிலிருந்து வந்து ஒரு கையை அலமாரிமேல் வைத்துக்கொண்டு நிற்பார், அது தாண்டிப் போகும்வரை. நான் முற்றத்துக்கு ஓடுவேன். வோல்கா கரைக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள் தொடங்கி வைத்த இன்ஜின் அது என்று அப்போது யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

2017 மார்ச் 29இல் ராஜாளியில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போனால் புரொப்பல்லர்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

இன்னொரு தொடர்பும் நமக்குண்டு. ஆவடியில் 1960களின் நடுவிலிருந்து செய்த விஜயந்தா டாங்கியில் இருந்தது பிரிட்டனின் லேலண்ட் எல்60 இன்ஜின். ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், எதிரெதிராக. யுங்கர்ஸைப் பார்த்துக் கற்ற வடிவம். சென்னையில் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால், அந்த இன்ஜினைப் பிரித்த அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள், எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

வரும் செவ்வாய்க்கிழமை அதே பேட்ச் லேபுக்கு வருகிறது. கேலரிமீட்டரில் பர்னரைப் பற்றவைத்து, வெளியே வரும் தண்ணீரின் சூடு ஒரே நிலைக்கு வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும். வழக்கமாகப் பையன்கள் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை கேள்வி கேட்டவனையும், "நாஜி கம்பெனிடா" என்றவனையும் முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொல்லப்போகிறேன்.