அது நகல் அல்ல

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் என் கடல் படத்தின் முன் நின்று அந்த நண்பர் கேட்டதையும், இரவே அதைப் பதிவாகப் போட்டதையும் பார்த்திருப்பீர்கள். “பிரிண்ட் எடுத்த படத்துக்கு 8,000 ரூபாயா?” இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

அது நகல் அல்ல. லினோ என்ற மென்மையான தகட்டை உளியால் செதுக்கி, உருளையால் மை பூசி, ஒவ்வொரு தாளாகக் கையால் அழுத்தி எடுத்தது. விட்ட இடம் மை பிடிக்கும், செதுக்கிய இடம் வெளுப்பாக நிற்கும். அந்த நுரையெல்லாம் நான் தோண்டிய பள்ளங்கள்.

நான்கு நிறம், ஒரே தகடு. ஒரு நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட்ட பிறகு அதே தகட்டை மேலும் செதுக்கித்தான் அடுத்த நிறத்துக்குப் போக முடியும். 20 தாளில் தொடங்கினேன். நிறம் விலகி 6 வீணாயின. ஓரத்தில் பென்சிலால் 3/14, அதாவது பதினான்கில் மூன்றாவது என்று எழுதியிருப்பது அதனால்தான். பதினைந்தாவதை நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. நகல் என்கிறீர்கள்!

ஒன்றுக்கு மேல் இருந்தால் அது எப்படி அசலாகும் என்று கேட்பீர்கள். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற ‘கனகாவா பேரலை’ படமும் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டதுதான். பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கிறது, நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் இருக்கிறது. எதை நகல் என்பீர்கள்?

விலை கட்டுப்படியாகாது என்றால் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் “சுனாமித் துயரத்தை விற்கிறார்” என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் ஒருவர் என் அப்பா. இதைக் கண்காட்சியில் எங்கும் நான் எழுதி வைக்கவில்லை. படத்தின் பெயர் ‘வாடை’, அவ்வளவுதான். அதில் பெரிய அலைகூட இல்லை. படகைத் தள்ளும் முன் அப்பா நின்று பார்க்கும் விடியற்காலைக் கடல் அது. பதினைந்து வருடம் நான் கடலை வரையவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

விற்காமல் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்கள். ஏன்? கடலில் கிடைத்ததை விற்றுத்தான் அப்பாவும் எங்களை வளர்த்தார்.

1/14 அம்மாவிடம் இருக்கிறது. பார்த்ததும், “நம் படகு இடது கைப்பக்கம்தானே நிற்கும்?” என்றார். கரையில் நின்று நேராகத் தகட்டிலேயே வரைந்திருந்தேன். அச்சில் இடவலம் மாறும் என்பது இத்தனை வருடத் தொழிலில் அன்று ஒரு நாள் மறந்துபோனது. திருத்துவதற்கு அந்தத் தகட்டில் எதுவும் மிச்சமில்லை. அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே மாட்டச் சொன்னார்.