கூம்புக்கு வெளியே இருந்தால் பயமில்லையா?

"புயல் கணிப்புப் படத்தில் அந்த வெள்ளைக் கூம்புக்குள் நம் ஊர் இல்லை, கிளம்ப வேண்டாம்." அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் எனும் பெரும்புயல் கிளம்பும்போதெல்லாம் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரத்தில் சுற்றும் பேச்சு இது. தவறு.

மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் வரையும் அந்தக் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. காற்று எத்தனை தூரம் வீசும், கடல் எங்கே ஏறும் என்பது அதில் இல்லை. கூம்பு விரிவதைப் பார்த்து 'புயல் பெரிதாகிறது' என்பவர்களும் உண்டு. விரிவது புயல் அல்ல, கணிப்பின் பிழை. முந்தைய 5 ஆண்டுப் பிழைகளை வைத்து வரையும் வழக்கத்தால், ஒரே பருவத்தில் குட்டிப் புயலுக்கும் ராட்சதப் புயலுக்கும் ஒரே அகலம்தான். அந்தக் கணக்கிலும் மூன்றில் ஒரு முறை மையமே கூம்பைத் தாண்டிவிடும்!

2022 செப்டம்பரில் இயன் என்ற ஹரிக்கேன் வந்தபோது எல்லோர் கண்ணும் ஃபுளோரிடாவின் மேற்குக் கரை நகரமான டாம்பா மீதே இருந்தது. 28ஆம் தேதி அது கரையேறியதோ தெற்கே, காயோ கோஸ்டா தீவில், மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சை கடல் வாரிச் சுருட்டியது. டாம்பா விரிகுடாவிலோ காற்று நீரைக் கடல்பக்கம் தள்ள, தரை தெரிந்தது. ஃபோர்ட் மையர்ஸ் பீச் இருக்கும் லீ கவுண்டியில் (மாவட்டம் போன்றது) மக்களை வெளியேறச் சொல்லும் உத்தரவு வந்தது முந்தின நாள் காலையில்தான்.

கரையோரத்தார் பார்க்க வேண்டியது புயல் அலை (காற்று தள்ளிக் கரையேறும் கடல்நீர்) எச்சரிக்கையையும், தங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்பதையும். டாம்பாவிலும் லீயிலும் 'ஏ' மண்டலம்தான் முதலில் கிளம்ப வேண்டியது.