ங வரைக்கும் இலவசம், ச வேணும்னா வருச சந்தா

ட்ரெயினிங்ல ப்ரொஜெக்டர் போட்டு "வகுப்பறைக்கேற்ற சிறந்த இலவச செயலிகள்"னு லிஸ்ட் காட்டுத புண்ணியவான்கள்ட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும். அந்த லிஸ்ட்ல உள்ள ஒத்த ஆப்பையாவது, ஒண்ணு ரெண்டு மூணு மூணு கிளாஸும் ஒரே ரூம்ல உக்காந்துருக்க இடத்துல, ரெண்டே ரெண்டு டேப்ப வச்சுக்கிட்டு ஒரு பீரியடு முழுசா ஓட்டிப் பாத்துருக்கீங்களா? பாத்துருக்க மாட்டீங்க. பாத்துருந்தா அந்த ஸ்லைடையே போட்டுருக்க மாட்டீங்க.

நான் முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். பாதி புள்ளைங்களுக்கு வீட்ல அம்மா பீடி சுத்துதாவ, அப்பா கேரளாவுல இல்லன்னா கோயம்புத்தூர்ல வேல. டேப்பு எங்கூர்ல படிச்சுட்டு துபாய்ல இருக்க ஒரு தம்பி வாங்கிக் குடுத்தது, அவன் நல்லாருக்கணும், அவன் மேல ஒரு குறையும் இல்ல. டெக்னாலஜி வேண்டாம்னு சொல்லுத பழைய ஆளும் நான் இல்ல. 2018ல புதுப் பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு வந்தப்போ சொந்த போன்ல ஸ்கேன் பண்ணி புள்ளைங்களுக்குக் காட்டுனவ நான். அதனால "டீச்சருக்கு ஆப்பு தெரியாது, அதான் திட்டுதா"ன்னு கமெண்ட்ல யாரும் வந்துராதீங்க, ஆமா.

விசயத்துக்கு வாரேன். தமிழ் எழுத்து ஆப்பு ஒண்ணு, பேரு சொல்ல மாட்டேன், அத மாதிரி ஆயிரம் கெடக்கு. உயிரெழுத்து பூரா திறந்திருக்கு, புள்ளைங்க வெரல வச்சு இழுத்து இழுத்து எழுதுதுவ, சந்தோசமா இருக்கு. க வந்துச்சு, ங வந்துச்சு, அடுத்து ச-வத் தொட்டா ஒரு பூட்டுப் படம். வருச சந்தா கட்டுனாத்தான் ச வருமாம். ஏம்வே, தமிழ்ல இருக்கதே 18 மெய்யெழுத்து, அதுல ரெண்ட குடுத்துட்டு மிச்சத்துக்கு பூட்டு போட்டா அது என்ன ஆப்பு? மொதல்லயே பூட்டிருந்தா நான் இறக்கிருக்கவே மாட்டேன். புள்ள ருசி கண்டு "டீச்சர் அடுத்தது, டீச்சர் அடுத்தது"ன்னு உசுர எடுக்கும்போது பூட்டுதான் பாருங்க, அங்கதான் இருக்கு சூச்சுமம். வீட்ல இதே மாதிரி அழுதா அப்பன் கார்ட எடுத்துருவான்னு கணக்கு. இங்க கிளாஸ்ல யாரு கார்ட எடுக்க? என் சம்பளத்துலயா?

சரி, பூட்டு இல்லாத ஆப்பா தேடுனா அதுல விளம்பரம். ரெண்டு எழுத்துக்கு ஒரு விளம்பரம். அந்த மூடுத எக்ஸ் பட்டன் இருக்கே, எனக்கே கண்ணாடி போட்டாத்தான் தெரியுது, அது வர அஞ்சு செகண்டு காத்திருக்கணும், ஆறு வயசுப் புள்ள காத்திருக்குமா, அது டப்புன்னு நடுவுல தொடும், உடனே ப்ளே ஸ்டோரு திறந்து வேற ஏதோ ஒரு எழவு இறங்க ஆரம்பிச்சிரும், இறங்குதது என் போன் ஹாட்ஸ்பாட்ல, ஒரு நாளைக்கு ஒன்னரை ஜிபி பேக்குல. ஒரு நாள் பாருங்க, மூணாங்கிளாஸ் பய ஒருத்தன், புத்தகத்தக் குடுத்தா ஒரு வரி வாசிக்க மாட்டான், தொண்ட கட்டிருக்கும்பான், வயிறு வலிக்கும்பான். விளம்பரம் வந்த உடனே எழுத்துக் கூட்டி வாசிக்கான்: "உ…ட…ன…டி க…ட…ன்". வாசிச்சுட்டு, "டீச்சர், உடனடி கடன்னு போட்டுருக்கு, வாங்குவமா?"ங்கான். பக்கத்துல உள்ள பிள்ள சொல்லுதா, "வேண்டாம் டீச்சர், எங்கம்மா குழுவுல வாங்கிருக்கு, வாராவாரம் வந்து நிக்காவ"ன்னு. எனக்கு சிரிக்கதா அழுகதான்னு தெரியல. பய வாசிச்சுட்டான்னு சந்தோசப்படணுமா, சின்னப் புள்ளைங்க ஆப்புல லோன் விளம்பரம் போட்டவன தேடிப் போயி நாலு கேள்வி கேக்கணுமா?

இதுல ப்ளே ஸ்டோர்ல 2020ல இருந்து "டீச்சர் அப்ரூவ்ட்"னு ஒரு முத்திரை வேற வச்சுருக்காவ. எந்த டீச்சரு? எங்க ஒன்றியத்துல யாருட்டயும் கேக்கலயே.

விளம்பரத்துக்கு ஒரு வழி இருக்கு, ஏரோப்ளேன் மோடு போட்டா வராதுன்னு சொல்லுவீங்க. நல்ல ஆப்புக்கு சரி. பாதி ஆப்பு நெட் இல்லன்னா திறக்கவே மாட்டேங்கு, "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்"னு மூஞ்சிக்கு நேரா நிக்கி. போன மாசம் வரைக்கும் நெட் இல்லாம ஓடுனது ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் லாகின் கேக்கு. லாகின்னா யாரு பேர்ல? 13 வயசுக்குக் கீழ உள்ள புள்ள தானா கூகுள் அக்கவுண்ட் தொடங்க முடியாது, பெத்தவங்க மூலமாத்தான் தொடங்கணும், பெத்தவங்க போன் வீட்ல பீடித்தட்டு பக்கத்துல கெடக்கு. கடசியில எல்லாத்துக்கும் என் நம்பரு, என் ஓடிபி. எங்க கட்டடத்துக்குள்ள டவரு சரியா எடுக்காது, ஓடிபிக்கு நான் ஸ்கூல் கேட் பக்கம் போயி வேப்பமரத்தடியில நிக்கணும், நான் திரும்பி வாரதுக்குள்ள உள்ள ரெண்டு பேரு மண்ட உடைஞ்சிரும்.

ஆனா இதெல்லாம் கூட சகிச்சிரலாம். என்னய உண்மையிலேயே கொதிக்க வைக்கது அந்த ஒத்த ப்ரொஃபைல். 2022ல எண்ணும் எழுத்தும்னு அரசுத் திட்டம் வந்ததுல இருந்து நாங்க புள்ளைங்கள வகுப்பு பாத்து உக்கார வைக்கல, அரும்பு, மொட்டு, மலர்னு அது அது படிக்கத நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுத்தான் உக்கார வைக்கோம். அது நல்ல விசயம், மூணாங்கிளாஸ்ல இருந்தாலும் எழுத்து தெரியலன்னா அரும்புல இருந்து ஆரம்பிப்போம், வெக்கம் கெடையாது. இப்போ இந்த ஆப்புல ஒரே ஒரு புள்ள பேருதான் போட முடியும். மலர்ல உள்ள பிள்ள சூட்டிகையா ஆடி பன்னெண்டாவது லெவலுக்குப் போயிருதா. டேப்ப அடுத்து அரும்புல உள்ள பயட்ட குடுக்கேன், அவன் பேரு தெரியாத அந்த ஆப்பு அவனுக்கு நேரா பன்னெண்டாவது லெவல திறக்கி. அவன் தப்பு தப்பா அமுக்குதான், டொய்ங் டொய்ங்னு ஒரு சத்தம், சிவப்புல அழுத மூஞ்சி. கிளாஸே திரும்பிப் பாக்கு. ரெண்டு வாரமா அவனுக்குத் தைரியம் குடுத்து கரும்பலகை பக்கம் கொண்டாந்து நிறுத்திருந்தேன், ஒத்த டொய்ங்ல பய மறுபடியும் சன்னலோரமா போயி உக்காந்துட்டான். ரெண்டாவது புள்ள பேரு சேக்கணும்னா? வேற என்ன, சந்தா.

இத யோசிச்சுப் பாத்தா காரணம் ஒண்ணுதான். இத செஞ்சவன் மனசுல இருந்தது ஒரு வீடு, ஒரு புள்ள, ஒரு டேப்பு, பக்கத்துல ஒரு அம்மா, அம்மா கையில ஒரு கார்டு. கிளாஸுன்னு ஒண்ணு அவன் நெனப்புலயே இல்ல. அவன் வீட்டுக்குன்னு செஞ்சு விக்கதுல எனக்கு என்ன வந்துச்சு, வித்துட்டுப் போறான். அதத் தூக்கி "வகுப்பறைக்கு"ன்னு தலைப்பு போட்டு எங்க தலையில கட்டுதாவ பாருங்க, அவியளத்தான் சொல்லணும்.

வாசிக்கச் சொல்லி மைக்குல கேட்டு சரி தப்பு சொல்லுத ஆப்பு ஒண்ணு. வீட்ல ஒத்தையில உக்காந்து வாசிச்சா அருமையா இருக்கு, நானே என் மகனுக்குப் போட்டுப் பாத்துருக்கேன். கிளாஸ்ல ஒருத்தன் வாசிக்கும்போது பின்னால இருபத்தெட்டு பேரு கத்துதான், அது எல்லாத்தையும் கேட்டு அது கொழம்பி நிக்கி. இது போதாதுன்னு எங்கூரு புள்ளைங்க மழைய "மள"ன்னுதான் சொல்லும், வாழைப்பழம் "வாளப்பளம்". ழ சொல்லிக் குடுக்கது என் வேல, சொல்லிக் குடுக்கத்தான் செய்யுதேன், ஆனா நான் நாக்க மடிச்சுக் காட்டி சிரிக்க வச்சு சொல்லிக் குடுக்கதுக்கும், அது ஒண்ணும் சொல்லாம திரும்பத் திரும்பத் தப்பு தப்புன்னு காட்டதுக்கும் வித்தியாசம் இல்லையா?

எண்ணுத ஆப்புல ஸ்ட்ராபெர்ரி எண்ணச் சொல்லுது. ஒரு நுங்கு படம் போட்டா கொறஞ்சா போவும்.

அப்புறம் இந்த பெர்மிசன் கூத்து. எழுத்து எழுதுத ஆப்பு லொக்கேசன் கேக்கு. நான் முக்கூடல்ல இருந்து அ எழுதுனா என்ன, மூணாறுல இருந்து எழுதுனா என்ன? கான்டாக்ட் கேக்கு, கேமரா கேக்கு. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான், பெத்தவங்க சம்மதம் வேணும், புள்ளைங்கள பின்தொடர்ந்து நோட்டம் விட்டு அதுக்கேத்த விளம்பரம் போடக்கூடாது, மீறுனா 200 கோடி வரைக்கும் அபராதம்னெல்லாம் இருக்கு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, அதுலயும் எல்லாம் உடனே அமலுக்கு வராது, தவணை தவணையாத்தான். அது வரைக்கும் அலோவ் பட்டன அமுக்குதது யாரு? நான். முப்பது வீட்டுப் புள்ளைங்களுக்கு நான் யாரு அலோவ் அமுக்க?

நல்லதே இல்லையான்னு கேட்டா, இருக்கு, அதான் இன்னும் எரிச்சல். ஜிகாம்ப்ரிஸ்னு ஒண்ணு, பிரான்சுக்காரர் ஒருத்தர் 2000ல ஆரம்பிச்சது, ஊர் உலகத்துல உள்ளவங்க சும்மா சேந்து செய்யுதாவ, நூத்துக்கும் மேல விளையாட்டு, ஒரு விளம்பரம் கெடையாது, பூட்டு கெடையாது, நெட் இல்லாம ஓடும். கான் அகாடமி கிட்ஸ் இங்கிலீஷ்தான், ஆனா அதுலயும் விளம்பரமோ சந்தாவோ இல்ல. பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதை குவிஞ்சு கெடக்கு, இறக்கி வச்சுக்கிட்டு எப்ப வேணா வாசிக்கலாம், பிரிண்ட் கூட போட்டுக்கலாம். அப்போ முடியாதுன்னு இல்லல்லா? பண்ணுதவன் பண்ணுதான். எங்களுக்கு வார லிஸ்ட்ல பாத்தா மொத பத்து இடத்துலயும் பூட்டு போட்டவனும் லோன் விளம்பரக்காரனுமா நிக்கான், அவனுக்குத்தான டவுன்லோடு ஜாஸ்தி, தேடுனா மொதல்ல அவந்தான வாரான், தேடி மொதல்ல வந்தத அப்படியே காப்பி பண்ணி ஸ்லைடு ஆக்குனது யாரு?

இனிமே குரூப்ல லிஸ்ட் போடுதவிய, ஆப்பு பேருக்குப் பக்கத்துல நெட் இல்லாம ஓடுமா, எத்தன புள்ள பேரு போடலாம், இறங்குன பொறவு மொத்தம் எத்தன ஜிபி, எந்த எழுத்துல பூட்டு வருதுன்னு எழுதிப் போடுங்க. இறக்கி பாக்காம ஃபார்வேர்ட் பண்ணுனா நான் அங்கனயே கேப்பேன், குரூப்புன்னும் பாக்க மாட்டேன். ஹெச்செம்மும் அதுலதான் இருக்காவ, இருக்கட்டும்.