குதிரைக்கு முன் கிராண்டைப் பாருங்கள்

கோலாலம்பூரை விட்டுத் தோட்டப்புறத்தில் மலிவாக நிலம் வாங்கிக் குதிரை, ஆடு வளர்க்கலாம் என்கிறது அண்மையில் வந்த ஒரு கட்டுரை. பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் திரும்பி வரட்டும். ஆனால் முன்பணம் கட்டுமுன் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைப் படியுங்கள். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம் இந்தியர்களான நம் பெயருக்கு மாறாது.

குதிரைதான் பெரிய பொறுப்பு. 400 கிலோ குதிரைக்குப் பச்சை நேப்பியர் புல்லே தீனி என்றால் நாளுக்கு 30, 40 கிலோ அறுக்க வேண்டும். நம் ஊர் மழையில் தரை காயாது. குளம்பின் அடிப்பள்ளம் கறுத்து, நாற்றத்தோடு அழுகும். தினமும் குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைச் சுரண்டிப் பார்க்கணும். லாயத்தை மேட்டில் கட்டுங்கள். பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் என்றைக்குக் களைக்கொல்லி அடிப்பார்கள் என்று மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டுவைத்து, அன்றும் மருந்தின் லேபிளில் சொன்ன நாள்வரையும் ஆடுகளை அங்கே அவிழ்க்காதீர்கள். குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் எவ்வளவு தூரத்தில் என்றும் விசாரியுங்கள். வயிற்றுவலி கண்ட குதிரை மறுநாள் வரை தாங்காமல் போகலாம்.