பிள்ளையின் மனதைப் பார்ப்பவரிடம் தகைமையைக் கேட்க வேண்டும்

பிள்ளைக்கு மனச்சோர்வு என்று வெளியே சொல்லவே கூசிய குடும்பங்கள் இன்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உளவளத்துணையாளரைத் தேடிப் போகின்றன. இரண்டு பிள்ளைகளின் தாயாக இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால், ரியூசன் ஆசிரியர் ஒருவரைத் தெரிவு செய்வதற்கு முன் நான்கு பேரிடம் விசாரிக்கும் நாம், பிள்ளையின் மனதைப் பார்ப்பவர் எங்கே பயின்றார் என்று ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

உளமருத்துவ நிபுணர் ஒருவர் மருத்துவப் பட்டமும் உள்ளகப் பயிற்சியும் முடித்து, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மேலும் பல ஆண்டுகள் பயின்றே அந்த நிலைக்கு வருகிறார்; சிறுவர் மற்றும் கட்டிளமைப் பருவ உளமருத்துவம் அதற்குள்ளும் ஒரு தனிச் சிறப்புத் துறை. உளவளத்துணையாளர் என்ற பெயருக்கோ சட்டக் காப்பு எதுவும் இல்லை. முறையாகப் பல ஆண்டுகள் கற்றவரும் சில வாரச் சான்றிதழ் பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டலாம். உளநலம் தொடர்பான இலங்கையின் அடிப்படைச் சட்டம் 1873 இல் பிறந்து 1956 இல் திருத்தப்பட்டது. நோயாளரை அனுமதிப்பதும் தடுத்து வைப்பதுமே அதன் கவலை.

இளையோருடன் பணியாற்றுவதற்குத் தனிப் பயிற்சி ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை தன் துயரத்தைத் துயரம் என்று சொல்லாது; தலையிடி என்றும் வயிற்றுவலி என்றும் சொல்லும், சிடுசிடுக்கும், பாடசாலைக்குப் போக மறுக்கும். அது நம்பிச் சொன்னதில் எதைப் பெற்றோரிடம் மறைக்க வேண்டும், உயிராபத்து அல்லது துஷ்பிரயோகம் இருக்கையில் எதைக் கட்டாயம் வெளியே கொண்டுவர வேண்டும் என்பதை விரிவுரையில் மட்டும் கற்றுவிட முடியாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்று ஆய்வுகள் காட்டியுள்ளபோதும், பயிற்சியற்றவர் அந்தக் கேள்வியையே தவிர்த்துவிடுகிறார். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான பிள்ளைகளோடு பேசி, பேசியதைப் பிறகு அவரோடு அலசிக் கற்ற காலமே என் பார்வையில் முதன்மையான தகைமை. நீளமான டிப்ளோமாப் பெயர்கள் அதற்கு ஈடாகா.

தொண்டர்களைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. தற்கொலைத் தடுப்புக்காக 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் தம்மைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தோழமையோடு செவிமடுப்பதே தமது பணி என்கிறார்கள். அந்த நேர்மை எல்லோரிடமும் வேண்டும். பாடசாலை உளவளத்துணை ஆசிரியர்களின் நிலை வேறு: பாடமும் நடத்தி, ஒழுக்கக் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பேற்கும் ஒருவரிடம் மாணவர் எப்படி மனம் திறப்பார்? அந்தச் சுமையை அவர்கள்மீது ஏற்றியது நிர்வாகமே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆங்கிலத்தில் கற்று, சிங்களத்தில் மேற்பார்வை பெற்றவர், வீட்டில் தமிழே பேசும் பிள்ளையின் கோபத்தையும் வெட்கத்தையும் தமிழிலேயே கேட்டு விளங்க வேண்டியிருக்கிறது. ஆகவே உளவளத்துணையாளருக்கான பதிவேடு ஒன்றைச் சட்டமாக்கும்போது, தமிழில் மேற்பார்வையிட்ட பயிற்சியையும் அதில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். அதுவரை பெற்றோர் முதல் சந்திப்பிலேயே கேட்கலாம்: எங்கே பயின்றீர்கள், இந்த வயதுப் பிள்ளைகளோடு யாருடைய மேற்பார்வையில் பணியாற்றினீர்கள், உங்களால் இயலாதபோது எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? அவசர நிலையில் இதற்கெல்லாம் காத்திராமல் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை உடனே அழையுங்கள்.