திருகோணமலைக்கு மெதனோல் ஆலை வேண்டாம், குதம் வேண்டும்

2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு எங்கள் ஊரில் இந்தப் பேச்சு ஓயவில்லை. எண்ணெய்க் குழாய் வரும் என்கிறார்கள், சுத்திகரிப்பு நிலையம் வரும் என்கிறார்கள். மெதனோல் என்பது எரிபொருளாகவும் பயன்படும் ஒருவகை அற்ககோல். இளம் பிள்ளைகள் சிலர், சூரிய மின்சாரம் போன்றவற்றால் செய்யும் பச்சை மெதனோல் பற்றியும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். சம்பூரில் சூரிய மின்சாரம், பக்கத்திலேயே ஆழமான துறைமுகம், அப்புறம் என்ன, இங்கேயே மெதனோல் உற்பத்தி செய்து கப்பல்களுக்கு விற்கலாமே என்பது அவர்களின் வாதம். ஊர் முன்னேற வேண்டும் என்ற ஆசையில் பேசுகிறார்கள், அதை மனதார மதிக்கிறேன். ஆனால் இங்கே உற்பத்தி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மெதனோலைச் சேமித்து, பிரித்து விற்று, கப்பல்களுக்கு நிரப்பிக்கொடுக்கும் இடமாகத் திருகோணமலை வரலாம், வரவேண்டும். இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மெதனோல் என்றதும் நம்மவர்களுக்குக் கசிப்புச் சாவுதான் நினைவுக்கு வரும். அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மெதனோலின் வேலை நம் வீடுகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அலுமாரிப் பலகையின் தூளையும் தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும் பசை போமல்டிஹைட்டில் செய்தது. அந்தப் போமல்டிஹைட் மெதனோலிலிருந்து வருவது. மெலமின் கோப்பையும் அப்படியே. கடையில் விற்கும் செயற்கை வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலம், உலகில் பெரும்பாலும் மெதனோலோடு காபனோரொட்சைட்டைச் சேர்த்தே தயாராகிறது. பெற்றோலின் ஒக்டேனை உயர்த்தச் சில நாடுகளில் கலக்கும் எம்டிபிஈ, தாவர எண்ணெயைப் பயோடீசல் ஆக்கும் வேலை, சீனக் கரையோர ஆலைகளில் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் என்று இன்னும் நீளும். உலகம் ஆண்டுக்குப் பத்துக் கோடித் தொன்னுக்கு மேல் இதை உற்பத்தி செய்கிறது. அதில் பாதிக்கு மேல் சீனாவில், பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து. மற்ற நாடுகளில் இயற்கை எரிவாயுவிலிருந்து.

எரிவாயுவை நீராவியோடு சூடாக்கினால் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் கலந்த வாயு கிடைக்கும். அதைச் செம்பும் துத்தநாகமும் கலந்த ஊக்கியின் மேல் அழுத்தத்தோடு செலுத்தினால் மெதனோல். 1960களில் பிரித்தானிய ஐசிஐ நிறுவனம் கொண்டுவந்த இந்த வழிதான் சில திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது. தொழில்நுட்பம் யாருக்கும் கிடைக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு தொன் மெதனோல் செய்ய ஏறத்தாழ 35 எம்எம்பிடியூ எரிவாயு வேண்டும். எரிவாயு விலையை உலகம் இந்த அலகில்தான் பேசும், ஒரு அலகு என்பது பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகு. அந்த அலகு 3 டொலருக்குக் கிடைக்கும் நாட்டில் ஒரு தொன்னுக்கு எரிவாயுச் செலவு 105 டொலர். திரவ எரிவாயுவைக் கப்பலில் இறக்கி 12 டொலர் கொடுக்கும் நாட்டில் 420 டொலர். 2022 முதல் 2024 வரை ஆசியச் சந்தையில் ஒரு தொன் மெதனோல் பெரும்பாலும் 250 முதல் 400 டொலருக்குள்ளேயே போனது. அதாவது எரிவாயு இல்லாத நாட்டில் ஆலை கட்டினால், சம்பளமும் வட்டியும் கொடுக்கும் முன்பே நட்டம்.

மன்னார் கடலில் எரிவாயு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டி, டொராடோ, பரகுடா என்ற இரண்டு இடங்களில் கண்டது உண்மை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது கரைக்கு வரவில்லை. ஒருநாள் வந்தாலும் முதலில் மின்சாரத்துக்குத்தான் போகவேண்டும். நியூசிலாந்தைப் பாருங்கள். உலகின் மிகப்பெரிய மெதனோல் நிறுவனமான மெதனெக்ஸுக்கு அங்கே ஆலைகள் உண்டு. 2024-இல் நாட்டில் எரிவாயு தட்டுப்பட்டபோது, அந்த நிறுவனம் ஆலையை நிறுத்திவிட்டுத் தன் பங்கு எரிவாயுவை மின்சார நிறுவனங்களுக்கு விற்றது. ட்ரினிடாட்டில் கதை இன்னும் கசப்பு. நம்மைப் போல் ஒரு தீவு, சொந்த எரிவாயுவை நம்பிப் பொயின்ற் லிசாஸ் என்ற தொழிற்பேட்டையில் ஆலை மேல் ஆலையாகக் கட்டினார்கள். கிணறுகள் வற்றத் தொடங்கியதும் ஆலைகள் எரிவாயுவுக்குப் போட்டி போடவேண்டி வந்தது. 2024 செப்டம்பரில் அட்லஸ் என்ற பெரிய ஆலை நின்றது, பதிலுக்குச் சிறிய ஆலை ஒன்று ஓடியது. எரிவாயு வைத்திருந்த தீவுக்கே இந்த நிலை.

சரி, எரிவாயுவை விடுவோம், பச்சை மெதனோலுக்கு வருவோம். மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, அதோடு காபனீரொட்சைட்டைச் சேர்த்துச் செய்வது. ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 190 கிலோ ஐதரசன், 1.4 தொன் காபனீரொட்சைட்டு, எல்லாம் சேர்த்துப் 10 மெகாவோட் மணிக்குக் குறையாத மின்சாரம் வேண்டும். சம்பூர் சூரிய மின்திட்டம் இரண்டு கட்டமும் முடிந்தால் 120 மெகாவோட். இரவும் மாரி முகிலும் கழித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,90,000 மெகாவோட் மணி கிடைக்கும் என்று வையுங்கள். அதில் ஒரு யூனிற் கூட யாருக்கும் கொடுக்காமல் முழுவதையும் மெதனோலுக்கே கொட்டினால் 19,000 தொன். சீனக்குடாவில் நிற்கும் 99 பழைய எண்ணெய்க் குதங்களில் இரண்டு நிரம்பும். வளைகுடாவில் ஒரு நாளைக்கு 5,000 தொன் செய்யும் ஆலை இதை நான்கே நாளில் செய்துவிடும்.

அந்த மின்சாரம் எந்த மண்ணில் கிடைக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2006-இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015-க்குப் பிறகே தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அங்கே வரவிருந்த அனல் மின்நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது. அந்த மண்ணின் சூரிய ஒளி மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் வெளிச்சம் தரட்டும். நாட்டில் டீசலும் நிலக்கரியும் எரித்து மின்சாரம் எடுக்கும் வரை, நல்ல மின்சாரத்தைக் கப்பல் எரிபொருளாக மாற்றி விற்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

காபனீரொட்சைட்டு எங்கிருந்து வரும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. சீனக்குடாவில் சீமெந்து ஆலை இருக்கிறதே என்றால், அங்கே நடப்பது வெளிநாட்டுக் கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்ட சீமெந்துக் கட்டியை, அரைக்கும் வேலை. காபனீரொட்சைட்டைக் கக்கும் சூளை கிளிங்கர் சுட்ட நாட்டில் இருக்கிறது.

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். திருகோணமலை எந்தக் காலத்திலும் எரிபொருள் உற்பத்தி செய்த ஊர் இல்லை. பிரித்தானியர் கட்டிய அந்தக் குதங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். தங்கள் கடற்படைக்கு வேண்டிய எண்ணெயை வெளியிலிருந்து கொண்டுவந்து சேமிக்கத்தான் அவற்றைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரைத் தாக்கியதும், இங்கிருந்த துறைமுகத்தாலும் கடற்படையாலும் எண்ணெயாலும்தான். கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழமும், காற்றுக்கு மறைவும், கரையில் இடமும் நம்மிடம் இருப்பவை. இவற்றை வைத்துத்தான் தொழில் செய்யவேண்டும்.

மெதனோல் விலை ஏறி இறங்கும் விதமே குதம் வைத்திருப்பவனுக்குச் சாதகம். குளிர்காலத்தில் ஈரான் தன் எரிவாயுவை வீடுகளுக்குத் திருப்பிவிடும்போது அசலூயேவில் இருக்கும் மெதனோல் ஆலைகள் குறைத்து ஓடும், சில நின்றுவிடும். உடனே சீனாவிலும் இந்தியாவிலும் விலை ஏறும். சீனாவின் பிளாஸ்டிக் ஆலைகள் கட்டுப்படியாகாமல் நின்றால் விலை இறங்கும். இந்தியா தன் மெதனோல் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, அதில் நிறைய மேற்குக் கரையில் கண்ட்லாவில் இறங்குகிறது. கிழக்குக் கரையில் சென்னை, விசாகப்பட்டினம், அதற்கு அப்பால் சிட்டகொங் வரைக்கும் பெரிய கப்பலில் வந்ததைச் சிறிய கப்பல்களில் பிரித்து அனுப்ப நடுவில் ஓர் இடம் இருந்தால் உதவும். அமெரிக்கத் தடையால் ஈரானியச் சரக்கு நமக்குத் தோதுப்படாது. ஓமானின் சலாலா, கட்டார், சவூதியின் ஜுபைல் எல்லாம் இருக்கின்றன.

கப்பல் எரிபொருள் வியாபாரம் இரண்டாவது படி. 2015-இல் ஸ்டெனா ஜெர்மானிக்கா என்ற பயணிகள் கப்பல் மெதனோலுக்கு மாறியது. 2023-இல் லோரா மெர்ஸ்க் என்ற முதல் மெதனோல் கொள்கலன் கப்பல் சிங்கப்பூரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஐரோப்பா போனது. ஒரே அளவு சக்திக்கு டீசலைவிட இரண்டரை மடங்கு இடம் மெதனோலுக்கு வேண்டும். அதனால் இந்தக் கப்பல்கள் வழியில் அடிக்கடி நிரப்பவேண்டி வரலாம். ஆனால் பிரதான கப்பல் பாதை தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது, அம்பாந்தோட்டைதான் அதற்குப் பக்கம். நமக்கு வரக்கூடியவை வங்காள விரிகுடாவுக்குள் ஓடும் கப்பல்கள். அத்தோடு, கப்பல் புகைக்கு உலகளாவிய கட்டணம் விதிக்கும் முடிவைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2025 ஒக்டோபரில் ஓர் ஆண்டு தள்ளிவைத்துவிட்டது. ஆகவே கப்பல்களின் தேவை எவ்வளவு வளரும் என்று தெரியும் வரை ஒன்றிரண்டு குதங்களோடு தொடங்கினால் போதும், பெரிய கடன் வாங்கவே கூடாது.

2022 ஜனவரி உடன்படிக்கைப்படி சீனக்குடாவின் 14 குதங்கள் லங்கா ஐஓசியிடம் (இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை), 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இருவரின் கூட்டு நிறுவனத்திடம். காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய குதங்களை அப்படியே கழுவி மெதனோல் ஊற்ற முடியாது. மெதனோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தையும் சிலவகை ரப்பர்களையும் அரிக்கும். உள்ளே மிதக்கும் கூரையும் மேலே நைதரசன் போர்வையும் வேண்டும். புதுக் குதம்தான் கட்டவேண்டும். நிலமும் இறங்குதுறையும் இருப்பதே பெரிய மிச்சம்.

இப்போது ஆபத்து. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மெதனோலை, குடிவகைகளில் இருக்கும் எதனோலிலிருந்து மணத்தால் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனால் ஈரல் அதைப் போமிக் அமிலமாக்கும், அது கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரிய அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம், அதற்குள் பலருக்குப் பிந்திவிடும். கசிப்புக் காய்ச்சும் மாவட்டத்தில் பவுசரில் இருந்து ஒரு கலன் களவு போனாலே ஒரு கிராமம் அழியும். எனவே முதல் லீற்றர் இறங்கும் முன் குடித்தால் குமட்டும் கசப்பும் நிறமும் சேர்ப்பதற்குச் சட்டம், ஒவ்வொரு பவுசருக்கும் முத்திரை, திருகோணமலை, மூதூர், கிண்ணியா வைத்தியசாலைகளில் நஞ்சை முறிக்கும் மருந்து, எந்நேரமும் இரத்தச் சுத்திகரிப்பு வசதி, இவை உறுதியாக வேண்டும்.

தீயும் அப்படித்தான். நமது வெயிலில் இதன் ஆவி எந்நேரமும் பற்றத் தயார், பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. வழமையான நுரை இதில் கரைந்துவிடும், அற்ககோலுக்கென்றே செய்த நுரை வேண்டும். கடலில் கொட்டினால் மட்டும் கனமான எண்ணெய் போல் கரையில் அப்பாது, நீரில் கலந்து சில நாட்களில் சிதைந்துவிடும். கொட்டியாறுக் குடாவில் வலை வீசும் குடும்பங்களுக்கு எண்ணெய்க் கசிவைவிட இது பரவாயில்லை, ஆனால் கொட்டிய இடத்து மீனுக்கு நஞ்சுதான்.

இப்படியொரு திட்டம் வந்து சுற்றாடல் தாக்க அறிக்கை கேட்கப்பட்டால், அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அது தமிழில் கிடைக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள். குழாய் எந்த ஊர் வழியாகப் போகிறது, நுரை எத்தனை லீற்றர் இருப்பில் இருக்கும், இரவில் தீப்பிடித்தால் சீனக்குடா மக்களை எந்த வீதியால் வெளியேற்றுவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாத அறிக்கைக்கு எதிராக நான் நிச்சயம் ஆட்சேபம் எழுதுவேன்.