எலிக்கு எத்தனை வயசு?

பெரியப்பாவுக்கு 71 வயது. இருபது வருடச் சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட், வலது குதிகாலில் ஐந்து மாதமாக ஆறாத புண். போன வாரம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். தடித்த பேனா மாதிரி ஒரு கருவி, அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு குட்டிச் சுடர். "கோல்டு பிளாஸ்மா சார், சுடாது" என்றார் அங்கிருந்த தம்பி. இவருக்கு ஹார்ட் பிராப்ளம் இருக்கே என்றேன். "எலிக்கெல்லாம் வச்சுப் பார்த்துட்டாங்க சார், ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை."

பெரியப்பா காலைத் தொங்கப்போட்டபடியே கேட்டார்: "எலிக்கு எத்தனை வயசு தம்பி?"

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்தியல் ஆய்வகத்தில் பதினோரு வருடம் எலி இதயத்தோடு குப்பை கொட்டியவன் நான்.

முதலில் ஒன்று. இது கொரோனா காலத்தில் தானம் கேட்டார்களே, அந்த ரத்த பிளாஸ்மா இல்லை. வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் வருவது. டியூப்லைட்டுக்குள் இருப்பதற்குச் சொந்தக்காரன். எலக்ட்ரான்கள் மட்டும் கொதிக்கும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அறை வெப்பத்தில் கிடக்கும். அதனால்தான் சுடுவதில்லை. சுடர் காற்றோடு கலக்கும்போது ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு எல்லாம் பிறக்கின்றன. கிருமியைக் கொல்வதும் புண்ணைத் தூண்டிவிடுவதும் பெரும்பாலும் இவைதான். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். 2020இல் ஜெர்மனியில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நிஜ பிளாஸ்மா, இன்னொரு பிரிவுக்கு வெறும் ஆர்கான் வாயு. பிளாஸ்மா பட்ட புண்கள் வேகமாகச் சுருங்கின. சின்ன ஆய்வு, ஆனால் ஒழுங்கான ஆய்வு.

இதயத்தைப் பற்றிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்தும். அதைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் கிடைத்தது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். பெராக்சைடு அளவு மீறினால் இதயத் தசைக்குக் கேடு. ஆக, நல்லதும் கெட்டதும் ஒரே சுடரில் இருக்கின்றன.

இதை எலியில் எப்படிப் பார்ப்பார்கள்? லாங்கண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 1895இல் வகுத்த முறை இன்றும் ஓடுகிறது. எலியை மயக்கி இதயத்தை எடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் போடுவோம். துடிப்பு நின்றுவிடும். பெருந்தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து நூலால் முடிச்சுப் போட வேண்டும். கை நடுங்கினால் அன்றைய வேலை போச்சு. ஆக்சிஜன் கலந்த 37 டிகிரி கரைசல் உள்ளே இறங்கியதும், கொட்டைப்பாக்கு அளவே இருக்கும் அந்தச் சதை தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். மூளை இல்லை, உடம்பு இல்லை, நிமிடத்துக்கு 250, 300 தடவை துடிக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இடது கீழறைக்குள் சின்ன பலூனை விட்டு அழுத்தத்தை அளப்போம், சொட்டும் நீரைப் பிடித்து இதயத் தமனிகளின் ஓட்டத்தைக் கணக்கிடுவோம்.

அளவீடு சுத்தமாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் எலிக்கு என்ன நடந்தது என்பதில்தான் சிக்கல். பிளாஸ்மா பட்ட கரைசலை இதயத்துக்குள்ளேயே விட்டார்களா, தோலில் காட்டினார்களா? இரண்டும் ஒன்றில்லை. சுடரில் பிறக்கும் ஹைட்ராக்சில் மாதிரியான துடிப்பான மூலக்கூறுத் துண்டுகள் உடம்புக்குள் ஒரு மைக்ரோநொடிகூடத் தாங்காது. குதிகாலில் பிறந்தது நெஞ்சுக்குப் போய்ச் சேராது. மயக்க மருந்து என்ன? கீட்டமின் துடிப்பை ஏற்றும், சைலசின் இறக்கும். பிளாஸ்மா காட்டாமல் ஒப்பிட வைத்திருக்கும் எலிக்கும் அதே மயக்கம், அதே வாயு கொடுக்காவிட்டால் அந்த எண்களை நான் நம்பமாட்டேன்.

யாரும் கேட்காத கேள்வி மூக்கைப் பற்றியது. ஓசோனைச் சுவாசித்த எலிக்கு இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் சேர்ந்து இறங்கும். மனிதருக்கு அப்படி ஆவதில்லை. மூடிய பெட்டிக்குள் சுடரைக் காட்டிவிட்டு "துடிப்பு குறைந்தது" என்று எழுதினால், அது தோல் வழியா, மூச்சு வழியா? அந்த கிளினிக் அறையிலும் ஜன்னல் சாத்தி ஏ.சி. ஓடியது, கருவியைப் போட்டதும் ஜெராக்ஸ் கடை வாசனை வந்தது. ஓசோன் வாசனைதான்.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஆய்வக எலிக்கு வழக்கமாக எட்டு, பத்து வாரம். இரண்டு மூன்று வருடம் வாழும் பிராணிக்கு அது இளமைப் பருவம். சர்க்கரை வேண்டுமென்றால் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுச் சில நாளில் வரவழைப்போம். நானே போட்டிருக்கிறேன். இருபது வருடச் சர்க்கரையில் ஊறிய ரத்தக் குழாய் அதற்கு எங்கே இருக்கும்? "எலிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது, நல்ல வாலிபன் மாடிப்படி ஏறினான், ஒன்றும் ஆகவில்லை என்பது மாதிரிதான்.

எத்தனை வாரத்து எலி, எத்தனை நாள் காட்டினார்கள், ஓசோனை அளந்தார்களா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேன் சார்" என்றார். ஏழு நாள் ஆகிறது, போன் வரவில்லை. பெரியப்பாவுக்கு இப்போதைக்குப் பழைய டிரெஸ்ஸிங்தான். திங்கட்கிழமை அவருடைய இதய மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.